சனிக்கிழமை மூன்று மணிக்கு

இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் மாலை 5.15 வரை உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக்கூடாது. 1960களிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. பெரிய கழகங்களைச் சனம் வீட்டிலிருந்தே பார்த்தால் சின்னக் கழகங்களின் மைதானங்கள் வெறிச்சோடிவிடும் என்ற பயம்தான் காரணம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மருமகன் அந்த நேரத்தில் லண்டன் கழகமான ஆர்சனலைப் பார்க்கலாம். லண்டனில் இருக்கும் நான் பார்க்க முடியாது. நம்மவர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழ் நாடகம் பார்க்கவென்று வாங்கிய பெட்டியில் எல்லாம் வருகிறது. என் நண்பன் ஒருவன் மாற்று ஆட்டக்காரர்களின் பெயர் வரை ஒப்பிப்பான். இத்தனை வருடத்தில் ஒரு மைதானத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

எனக்கோ அந்தத் தடை பிடித்திருக்கிறது. அது இல்லாவிட்டால் கிழக்கு லண்டனின் சின்னக் கழகமான லேட்டன் ஓரியன்ட் பக்கம் நானும் போயிருக்க மாட்டேன்.

அந்த நண்பனையும் கூப்பிட்டேன். "மூன்றாம் படி அணிக்குக் காசு கொடுத்துக் குளிரில் இருப்பதா, மச்சான்?" என்றான். தனியாகப் போனேன்.

லேட்டன் நிலையத்தில் இறங்கி நடந்தால், மைதானத்தை ஒட்டி ஒரு சிறு பூங்கா. அதில் லாரி கன்னிங்ஹாமின் சிலை. 1970களில் கறுப்பின ஆட்டக்காரர்களைக் கூட்டம் வாய்க்கு வந்தபடி ஏசிய காலத்தில் இங்கே தொடங்கி, 1979இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் வரை போனவர். 33 வயதில் கார் விபத்தில் இறந்துவிட்டார். அன்று சிலையின் காலடியில் யாரோ பாதி குடித்த கோப்பிக் குவளையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

உள்ளே ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகள்தான். நான்கு மூலைகளிலும் அடுக்குமாடி வீடுகள். மைதானத்தின் மூலை நிலங்களில் எழுப்பியவை. பால்கனியில் நின்றால் ஆட்டம் முழுவதும் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வெளியே வந்து, துணி காயப்போட்டிருந்த கம்பிச் சட்டத்தை உள்ளே இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் தொடங்கியது.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஐந்தாவது பாஸில் பந்து எதிரியின் காலுக்குப் போய்விடும். ஆனால் தொலைக்காட்சியில் கேட்காதவை எல்லாம் இங்கே கேட்கின்றன. கோல் காப்பாளரின் தொண்டை கிழிந்த கத்தல், முழங்கால்கள் மோதும் சத்தம், தவறவிட்டவன் தன்னைத் தானே திட்டிக்கொள்வது. எனக்குப் பின்னால் இருந்த முதியவர் துணை நடுவரோடு ஒருவழிப் பேச்சு நடத்திக்கொண்டே இருந்தார். துணை நடுவர் திரும்பவே இல்லை, காது மட்டும் சிவந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாசையூரிலும் கோட்டோரம் நின்று பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தத் தூரம்தான் சரியான தூரம்.

இடைவேளையில் அந்த முதியவர் தன் கழகத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 41 பேர் போனார்கள். மூன்று ஆட்டக்காரர்கள் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இறந்தார்கள். தன் கண்ணால் பார்த்தவர் போல் சொன்னார். 112 வருடம் மேல் நான்கு படிகள் கொண்ட லீக்கில் இருந்த கழகம் 2017இல் அதைவிட்டே வெளியே விழுந்தது. 2019இல் பயிற்சியாளர் ஜஸ்டின் எடின்பரோ திரும்பக் கொண்டுவந்தார். சில வாரங்களில், ஜூன் மாதம், திடீரென இதயம் நின்று இறந்துவிட்டார். 49 வயது. மேற்குப் பக்க அரங்குக்கு இன்று அவர் பெயர். இதைச் சொல்லும்போது முதியவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வெற்றிக் கோப்பைகளை எண்ணிக் காட்டும் ரசிகர்களைத்தான் அதுவரை நான் அறிந்திருந்தேன்.

இரண்டாம் பாதியில் மழை. கோல் எதுவும் விழவில்லை.

வெளியே வரும்போது நண்பனின் செய்தி: "பெட்டி இடையில் நின்றுவிட்டது. ஆர்சனல் முடிவு தெரியுமா?" நிமிர்ந்து பார்த்தேன். மழை விட்டிருந்தது, அந்தப் பெண் துணிச் சட்டத்தை மறுபடி பால்கனிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.