கட்டுமான மேலாண்மை படிக்க விரும்புவோர் முதலில் சைட்டுக்குப் போகட்டும்

பெரியப்பா மகன் அண்ணன் சென்ற மாதம் அழைத்து, தம் மகள் சிவில் இறுதியாண்டு முடிக்கப் போவதாகவும், கட்டுமான மேலாண்மையில் எம்.இ. சேர விரும்புவதாகவும் சொல்லி, எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டார். கல்லூரிப் பெயர் எதையும் சொல்வதற்கு முன், "அவள் இரண்டு வருடம் சைட்டில் வேலை பார்க்கட்டும் அண்ணா, அதற்கப்புறம் சேரட்டும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீ படித்த படிப்பை நீயே வேண்டாம் என்கிறாயா?" என்று வருத்தத்துடன் கேட்டார். அன்று அவருக்கு முழுதாக விளக்க முடியவில்லை. ஆண்டுதோறும் இதே கேள்வியுடன் வேறு பெற்றோர்களும் மாணவர்களும் என்னிடம் வருவதால், என் கருத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் சிவில் முடித்து, சென்னையைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் கட்டடப் பணிகளில் நான்கு ஆண்டுகள் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, வேலையை விட்டு முழுநேர மாணவனாக இந்தப் படிப்பில் சேர்ந்தவன். இன்று ஒரு பெரிய பணியின் திட்டமிடலையும் பில்லையும் ஒப்பந்தக் கடிதங்களையும் ஒருசேரக் கவனிக்க என்னால் முடிகிறதென்றால், அதற்கு அந்த இரண்டு ஆண்டுப் படிப்பே காரணம். ஆகவே இந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இதற்கு இடங்களும் இருக்கின்றன. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இது கற்பிக்கப்படுகிறது. சென்னை ஐஐடியின் சிவில் துறையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. வெளி மாநிலம் போக முடிந்தவர்களுக்கு 1983-இல் தொடங்கப்பட்ட நிக்மார் என்னும் கட்டுமான மேலாண்மைக் கல்வி நிறுவனம் புணேயில் இருக்கிறது. எங்கே படிப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எப்போது படிப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பி.இ. முடித்த கையோடு வந்தவர்கள். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்கள். பிரைமவேரா என்னும் திட்டமிடல் மென்பொருளில் நான் ஒரு மாதம் தடுமாறியதை அவர்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரு நாள் பேராசிரியர் பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வேலைத்திட்டம் தயாரிக்கச் சொன்னார். பலர் தளத்துக்கு ஏழு நாள் என்று வைத்து, சென்ட்ரிங் என்னும் பலகையடிப்பு, கம்பி கட்டுதல், கான்கிரீட் என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பத்துத் தளத்தையும் 70 நாளில் முடித்திருந்தார்கள். படத்தில் ஒரு பிழையும் இல்லை. "எத்தனை தளத்துக்கு ஜாக்கி வாங்கப் போகிறீர்கள்?" என்று பேராசிரியர் கேட்டார். ஒரு தளத்துக்கு என்றார் ஒரு மாணவர். மற்றவர்கள் ஜாக்கி என்றால் என்னவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புக் குழாயைத்தான் நம் சைட்டுகளில் ஜாக்கி என்கிறோம்.

ஐ.எஸ். 456 என்னும் கான்கிரீட் விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 4.5 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டும் தளத்தின் அடியில் முட்டு 14 நாள் நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 21 நாள். இவை சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குச் சொல்லப்பட்டவை; சாம்பல் கலந்த சிமென்டு என்றால் இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். ஏழு நாளுக்கு ஒரு தளம் போடுவதென்றால், மூன்றாம் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கும்போது முதல் தளத்தின் அடியில் ஜாக்கி இன்னும் நின்றுகொண்டிருக்கும். ஆகவே எந்த நேரத்திலும் மூன்று தளங்களுக்குப் போதுமான ஜாக்கி நம் கையில் இருக்க வேண்டும். தளத்துப் பலகையை மட்டும் மூன்று நாளில் பிரித்து, உடனே மீண்டும் முட்டுக் கொடுக்க அதே விதிநூல் அனுமதிப்பதால் பலகைக்கு ஒரு கணக்கும் ஜாக்கிக்கு வேறொரு கணக்கும் வருகின்றன. அவ்வளவு ஜாக்கியைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, ஏழு நாளை ஒன்பது நாளாக்கினால் வாடகையில் மிச்சமாவது எவ்வளவு, தாமதத்தால் இழப்பது எவ்வளவு என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் கட்டுமான மேலாண்மை என்ற பாடமே தொடங்குகிறது. எனக்கு இந்த விடை வகுப்பில் உடனே தோன்றியதற்குக் காரணம், முன்பு ஒரு சைட்டில் ஜாக்கி போதாமல் சென்ட்ரிங் ஆட்கள் ஐந்து நாள் நிழலில் உட்கார்ந்திருக்க, அந்த ஐந்து நாளுக்கும் அவர்களுக்குக் கூலி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதுதான்.

இந்தப் படிப்பின் பாடங்கள் பலவும் வேலை நடந்த இடங்களில் எழுந்த கேள்விகளிலிருந்தே பிறந்தவை. எந்த வேலைகள் தாமதித்தால் மொத்தப் பணியும் தாமதிக்கும் என்று கண்டறியும் சி.பி.எம். (கிரிட்டிகல் பாத் மெத்தட்) என்னும் முறை 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது. ரசாயனத் தொழிற்சாலைகளைக் கட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் எந்த வேலையை விரைவுபடுத்தப் பணம் செலவிட்டால் மொத்தப் பணி விரைவில் முடியும் என்று அவர்கள் அறிய வேண்டியிருந்தது. 1990-களில் கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சைட்டுகளின் வாரத் திட்டங்களைச் சோதித்து, அந்த வாரத்துக்கென்று எழுதப்பட்ட வேலைகளில் பாதியைச் சற்றே கடந்த அளவுதான் அந்த வாரத்தில் முடிகிறது என்று கண்டார்கள். வேலையை நேரடியாக நடத்துபவர்களே வாரத் திட்டத்தைப் போடும் லாஸ்ட் பிளானர் என்னும் முறை அதிலிருந்து வளர்ந்தது. திங்கட்கிழமை மேஸ்திரியிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, சனிக்கிழமை அதில் பாதி முடியாமல் கிடப்பதைப் பார்த்த ஒருவர் இந்தப் பாடத்தைப் படிக்கும்போது, தம் சைட்டில் நடந்ததை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று உணர்வார். அதைப் பார்த்திராதவருக்கு அது பதினாறு மதிப்பெண் வினா.

ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். என் மூன்றாம் ஆண்டு வேலையில், ஒப்பந்ததாரர் தரப்பில் ஓர் அடுக்குமாடிப் பணியில் இருந்தேன். தூண்களுக்கான மாற்று வரைபடம் எங்களுக்கு வந்து சேர ஏறத்தாழ ஆறு வாரம் ஆனது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட, அடித்தளத்தில் நின்ற தண்ணீரை இறைக்கவே மேலும் பல நாட்கள் போயின. வரைபடம் கேட்டு நான் தினமும் போனில் பேசினேன். நேரில் போய் நின்றும் கேட்டேன். ஆனால் வேலை எந்த நாளில் எதனால் தடைப்பட்டது என்று குறிக்கும் தடைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை, ஒரு கடிதம் அனுப்பவில்லை. பணி முடிந்தபோது இறுதி பில்லில் தாமதத்துக்கான இழப்பீடு பிடிக்கப்பட்டது. காலநீட்டிப்புக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது, தேதியுடன் காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. அந்தப் பணம் என் சம்பளத்திலிருந்து போகவில்லை என்றாலும், எங்கள் சிறிய நிறுவனத்தில் அந்த ஆண்டு தீபாவளிக்கு யாருக்கும் போனஸ் இல்லாமல் போனதற்கு என் கையும் ஒரு காரணம்.

ஓராண்டு கழித்து வகுப்பில் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை நடத்தினார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்று அறிந்தேன். அதன்பின் பன்னாட்டுப் பணிகளில் பயன்படும் ஃபிடிக் என்னும் மாதிரி ஒப்பந்தத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில், தாமதத்துக்குக் காரணமான நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் காலநீட்டிப்புக்கான உரிமையே போய்விடும் என்ற விதியைப் படித்தேன். அன்றிரவு விடுதியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது இன்றும் நினைவிருக்கிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் அந்த விதியை என்னைவிட நன்றாகத் தேர்வில் எழுதினார். ஆனால் வேலைக்குப் போன முதல் ஆண்டில் நான் செய்த அதே தவறை அவரும் செய்துவிட்டு என்னை அழைத்தார். இரண்டு ஆண்டு முன்பே படித்த விதி, தேவைப்பட்ட நாளில் அவர் நினைவுக்கு வரவில்லை.

ஆட்களைப் பற்றிய பாடத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாளொன்றுக்கு எவ்வளவு வேலை செய்வார்கள் என்பதை மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வு நூலிலிருந்து எடுத்துக் கணக்கில் சேர்க்கக் கற்றுத் தருகிறார்கள், அது தேவையானதே. ஆனால் சத் பூஜைக்குப் பிகார் ஆட்களும், துர்கா பூஜைக்கு வங்காள ஆட்களும், பொங்கலுக்கு நம் ஊர் ஆட்களும் எப்போது கிளம்புவார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா. ஒரு லேபர் கேம்பில் குளிக்கத் தண்ணீர் இல்லாத வாரத்தில் வேலை எவ்வளவு சுருங்கும் என்பதையும் சொல்லமாட்டா. சைட் அமைப்பு வரைபடம் போடும் பயிற்சியில் எல்லோரும் கிரேன் எங்கே, கம்பிக் கிடங்கு எங்கே, ஜல்லி எங்கே என்று குறித்தோம். நான் ஒரு மூலையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறையைக் குறித்திருந்தேன். இடத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று ஒரு மாணவர் கேட்டார். கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற, அப்போது நடைமுறையில் இருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் பிரிவை அவரும் படித்திருந்தார். சாரத்துக் கட்டையில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு, செங்கல் தட்டுடன் ஏறுகிற ஒவ்வொரு முறையும் கீழே திரும்பிப் பார்க்கும் ஒரு சித்தாளை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சைட்டில் ஐம்பது பெண்கள் இல்லாததால் சட்டமும் அந்தத் தாய்க்கு உதவவில்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றை நான் அறிவேன். வேலைக்குப் போய்ச் சம்பளம் பார்த்தவர்கள் திரும்பிப் படிக்க வரமாட்டார்கள் என்பார்கள். சிலர் வராமல் போகலாம். ஆனால் வருகிறவர்கள் எதற்காக வந்தோம் என்று தெரிந்து வருவார்கள். கல்விக் கடனும் வீட்டுப் பொறுப்பும் உள்ளவர்களுக்கு இடையில் வேலையை விடுவது கடினம் என்பது இதைவிட உண்மையான மறுப்பு, பகுதிநேர எம்.இ. வகுப்புகள் அவர்களுக்காகவே பெருக வேண்டும்.

ஆனால் அண்ணன் தயங்கியதற்கான காரணம் இவை எதுவுமில்லை. மகளைச் சைட்டுக்கு அனுப்புவதுதான் அவருக்குக் கவலை. இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல நிறுவனங்கள் பெண் பொறியாளர்களை வேலைக்கு எடுத்ததும் பில் பிரிவிலோ திட்டமிடல் அறையிலோ உட்கார வைத்துவிடுகின்றன. பூட்டுப் போட்ட ஒரு சுத்தமான கழிப்பறைகூட இல்லாத சைட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே அவள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், நேர்காணலிலேயே சைட் பணி கேட்கட்டும், கழிப்பறையையும் போக்குவரத்தையும் பற்றி வெட்கப்படாமல் கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்தில் அவள் சேர வேண்டாம். கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்களை அறைக்குள் வைப்பதைவிட, கழிப்பறை கட்டுவது எவ்வளவோ எளிது. நாம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

பல்கலைக்கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சேர்க்கையில் சைட் அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். நேராக வருகிறவர்களை மறுக்க முடியாதென்றால், முதல் பருவம் முழுவதும் வாரம் இரண்டு நாள் அவர்களை ஒரு நடக்கும் பணியில் நிறுத்தி, தினசரி முன்னேற்ற அறிக்கையை அவர்கள் கையால் எழுத வையுங்கள். கோடை விடுமுறையில் சான்றிதழுக்காகப் போய் வரும் இரண்டு வாரப் பயிற்சி இதற்கு ஈடாகாது. ஒரு தளத்துக்குக் கம்பி கட்டத் தொடங்கியதிலிருந்து முட்டு எடுக்கும் வரைகூட அதில் பார்க்க முடியாது.

அண்ணனுக்கு ஒரு செய்தி மட்டும் ஆறுதல் தந்தது. எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும். இறுதியாண்டிலேயே அதை எழுதி வைத்துவிட்டால், இரண்டு ஆண்டு வேலை பார்த்தபின் அதே மதிப்பெண்ணுடன் விண்ணப்பிக்கலாம். அதன்வழி முழுநேரப் படிப்பில் சேர்வோருக்கு ஏஐசிடிஇ என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் தந்துவருகிறது. அண்ணன் மகள் கேட் எழுதிவிட்டாள். நேற்று மீண்டும் பேசினோம். ஒரு வருடம் என்றால் சம்மதம் என்கிறார் அண்ணன். முதல் வருடத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தையும் தூண்களையும் பார்ப்பாள், பூச்சு வேலையையும் இறுதி பில்லையும் பார்க்க இன்னொரு வருடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் நடுவில் போனை வாங்கி, "சித்தப்பா, தடைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே நானே எழுதலாமா, இல்லை சீனியரிடம் கேட்க வேண்டுமா?" என்றாள். சீனியரிடம் கேள், அவர் எழுதாவிட்டால் உன் சொந்த நோட்டில் தேதியுடன் எழுது என்றேன்.