எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு

கொழும்பில் எடுத்த பிறந்தநாள் படங்களைப் போட்டதிலிருந்து வாழ்த்துகளோடு சேர்ந்து இரண்டு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு எப்படித் தைரியமாகப் போனாய்? சாப்பாடெல்லாம் போட்டார்களே, எவ்வளவு கொடுத்தாய்? முதல் கேள்வி அக்கறையில் வருவது, அதற்குக் கீழே பதில் சொல்கிறேன். இரண்டாவதுதான் மனசை உறுத்துகிறது, ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாருமே வீட்டுக்கு வந்தவரை ஒரு வாய் சாப்பிடாமல் அனுப்பாதவர்கள், அவர்களுக்கே ஒருத்தர் சும்மா சாப்பாடு போட்டார் என்பதை ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் பாயசம். மாமியார், மாமனார், வீட்டுக்காரர், பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள், எல்லாருக்கும் நான்தான் வைப்பேன். என் பிறந்தநாளுக்கும் நானே அடுப்படியில் நின்று சேமியாவை வறுத்துப் பாயசம் வைத்து நானே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஐம்பது வயதாகும்போது ஒரு நாளாவது அந்த அடுப்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் சிங்கப்பூர் போ என்றார்கள். நான் கொழும்பு என்றேன்.

காரணம் ரேடியோ. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள், அப்பா அம்மா தொடங்கி அத்தை மாமா வரைக்கும் வாழ்த்துபவர்கள் பெயராக நீளும், யார் வீட்டுக் குழந்தையோ என்றாலும் உட்கார்ந்து கேட்போம். பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. 1925-இல் தொடங்கிய அந்த நிலையம் இருக்கிற ஊரில் ஒரு பிறந்தநாள் வேண்டும் என்பது எனக்குச் சின்ன ஆசை இல்லை, ரொம்பப் பெரிய ஆசை. திருச்சியிலிருந்து நேர் விமானம், சுமார் ஒரு மணி நேரம். சென்னைக்கு ரயிலில் போவதைவிடச் சீக்கிரம்!

இந்த முறை என் பிறந்தநாள் வெசாக் சமயத்தில் வந்தது. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் அந்தப் பௌர்ணமியில்தான் என்று நினைவுகூரும் நாள் அது, இலங்கையில் அன்றும் மறுநாளும் விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். கொண்டாட்டம் என்றால் ஹோட்டலும் பார்ட்டியும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

காலையில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போனேன். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில், பிறகு அவருடைய மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலேயே திருப்பிக் கட்டினார். உள்ளே காலை வைத்தால் கல் சில்லென்று இருக்கிறது, வெளியே அவ்வளவு வெயில். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டு, இன்றைக்குப் பிறந்தநாள் என்றும் குருக்களிடம் சொன்னேன். பக்கத்தில் தட்டோடு நின்ற அக்கா சட்டென்று திரும்பினார்.

"இண்டைக்கோ பிறந்தநாள்? ஆரோட வந்தனீங்கள்?"

தனியாகத்தான் என்றேன்.

"பிறந்தநாளும் அதுவுமாத் தனியச் சாப்பிடுறதோ? வாங்கோ பிள்ளை, வீடு கிட்டத்தான்."

இவ்வளவுதான் நடந்தது. பெரிய அறிமுகம் எதுவும் இல்லை. அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், யாழ்ப்பாணப் பக்கம் பிறந்து கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். போகிற வழியில் அந்தோனியார் கோயிலுக்குள்ளும் ஒரு நிமிஷம் கூட்டிப்போனார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம். செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவது வழக்கமாம், அக்காவும் போவாராம். அன்று நடந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கையைக் கூப்பி நின்றோம், கிளம்பினோம்.

தொடர்மாடியில் மூன்றாவது மாடி. நாங்கள் உள்ளே போய் உட்கார்வதற்குள் எதிர்வீட்டுச் சிங்கள அம்மா ஒரு தட்டோடு வந்துவிட்டார். பால்சோறு. நல்ல நாள், பெரிய நாள் என்றால் சிங்களவர்கள் வீட்டில் அதுதான் முதலில், பிறந்தநாளுக்கும் அதுதான். கெட்டித் தேங்காய்ப்பாலில் சோற்றைக் குழைய வேகவைத்து, வாழையிலையால் அழுத்திப் பரப்பி, சாய்சதுரமாக வெட்டியிருந்தார். தொட்டுக்கொள்ள லுனுமிரிஸ், சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் இடித்து எலுமிச்சை பிழிந்தது. வழக்கமாக மாசிக்கருவாடு சேர்ப்பார்கள், வெசாக் என்பதால் அன்று சேர்க்கவில்லை. காரம் தாங்காதவர்களுக்குப் பக்கத்தில் கித்துள் கருப்பட்டித் துண்டு. நான் கருப்பட்டியோடு ஒன்று, காரத்தோடு இன்னொன்று, அப்புறம் திரும்பவும் கருப்பட்டியோடு ஒன்று சாப்பிட்டேன். அக்கா சிங்களத்தில் ஏதோ சொன்னார், அந்த அம்மா என் தலையைத் தடவி, "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்தார்.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பதை அக்கா பிறகு சொன்னார். 2022-இல் டாலர் இல்லாமல் நாடே முடங்கியபோது காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு. பால்மா, அதாவது பால் பவுடர், கிடைப்பதே பெரும்பாடு. எந்த வீட்டுக்குப் பால்மா கிடைத்தாலும் பாதி அடுத்த வீட்டுக்குப் போகுமாம். யாருக்கு காஸ் இருக்கிறதோ அவர்கள் வீட்டு அடுப்பில் இரண்டு வீட்டுச் சோறும் வேகுமாம். அப்படி இருந்தவர்கள் வீட்டுக் கதவு எனக்கும் திறந்தது. இவர்களிடம் போய் நான் பர்ஸைத் திறந்து எவ்வளவு என்று கேட்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

மதியம் அக்காவின் வீட்டுக்காரர் வெளியே போய் ரிபன் கேக் வாங்கிவந்தார். இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை என்று அடுக்கடுக்காகப் பட்டர் கேக், இலங்கையில் குழந்தைகள் பிறந்தநாள் என்றால் அதுதான் என்றார்கள். "தங்கச்சி, ஐம்பது மெழுகுதிரிக்கு கேக்கில இடமில்லை, ஒண்டு காணும்" என்று ஒன்றை மட்டும் நட்டு வைத்தார். எதிர்வீட்டுப் பையன் கூடத்தில் உட்கார்ந்து மூங்கில் சிம்பைக் கட்டி வெசாக் கூடு செய்துகொண்டிருந்தான். எட்டுப் பட்டமாக ஒரு நடுக்கூடு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கூடுகள், கீழே டிஷ்யூ தாளில் வெட்டிய வால். வாலுக்குக் கோதுமை மாப் பசை தடவுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கேக் வெட்டும்போது விரலெல்லாம் பசை, அதனால் அக்காவே துண்டை எடுத்து என் வாயில் வைத்தார். அம்மா போன பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அழுதுவிட்டேன். அவர்கள் யாரும் பதறவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, அடுத்த துண்டை வெட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். கொடுக்கிற பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது. பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு, கோயிலில் அன்னதானம், பள்ளிக்கூடத்தில் சாக்லேட். எல்லாம் நல்லது, செய்ய வேண்டியது. ஆனால் ஒருத்தர் நமக்குக் கொடுக்கும்போது உடனே கணக்கை முடித்துவிடத் துடிக்கிறோம், கடன்பட்டு நிற்க நமக்குப் பிடிப்பதில்லை. காசைக் கையில் திணித்துவிட்டு வந்தால் மனசு லேசாகிவிடும், சரி, யாருடைய மனசு? சாப்பாடு போட்டவர் அந்த நோட்டைப் பார்த்து, நாம் கடை வைத்திருப்பதாக நினைத்துவிட்டாளே என்று வருந்த மாட்டாரா? நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விருந்தாளி பில் கேட்டால் நாம் சும்மா இருப்போமா?

வெறுங்கையோடும் போகக் கூடாதுதான். என் பையில் மணப்பாறை முறுக்கு இருந்தது, கொடுத்தேன். அது மரியாதை. அதற்கும் விலை கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், வெளிநாடு என்றதும் மறந்துவிடுகிறோம்.

அதிலும் பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். அக்கா சோறு போடும்போது என் கை தானாகவே கரண்டியை நோக்கிப் போனது, உட்காருங்கோ என்று அதட்டி உட்கார வைத்தார். உட்கார்ந்தபடி இன்னொருத்தர் பரிமாறச் சாப்பிடுவது எவ்வளவு சுகம் என்று என் வயதுப் பெண்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகவே ஒரு முறையாவது தனியாகப் போய்வாருங்கள் என்பேன். பிறந்தநாள் என்றால் அதை மறைக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கும் பதில் வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு யார் பின்னாலும் போகச் சொல்லவில்லை. காலிமுகத்திடல் கடற்கரையில் நின்றால் சிரித்த முகத்தோடு ஒருவர் வருவார், நீங்கள் தங்கியிருக்கிற ஹோட்டலில்தான் வேலை என்பார், இன்றைக்கு மட்டும் கோயிலில் யானை ஊர்வலம் என்பார், ஆட்டோவில் ஏறினால் ரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் நிறுத்துவார். இது கொழும்புக்கு வருகிறவர்கள் பலருக்கும் தெரிந்த கதை. அப்படி வருகிறவர் நம்மைத் தேடி வருகிறார், அவசரப்படுத்துகிறார், இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்கிறார். அக்கா தன் பாட்டுக்குச் சாமி கும்பிட வந்தவர். குருக்களுக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். பட்டப்பகல். கிளம்பும் முன் வீட்டுக்காரருக்கு இடத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன், அக்காவையே பேசவும் வைத்தேன். எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அவர் யார், எங்கே இருக்கிறார், யாருக்குத் தெரிந்தவர் என்று பார்க்கலாம், பார்த்த பிறகும் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் எதற்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டும்?

சாயங்காலம் எல்லாருமாக ஆட்டோவில் வெளிச்சம் பார்க்கக் கிளம்பினோம். வழியெல்லாம் தன்சல், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுகிற பந்தல். இளைஞர்கள் ரோட்டில் நின்று கொடி அசைத்து வண்டிகளை மறித்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். ஓரிடத்தில் சோறும் கறியும், ஓரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், ஒரு தெருமுனையில் ஐஸ்கிரீம். எந்த ஊர், என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. நகை போட்டவர்களும், பஸ் ஓட்டுகிறவரும், குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்களும், நானும் ஒரே வரிசை. ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை. வாங்கினார்கள், சாப்பிட்டார்கள், வணங்கினார்கள், போனார்கள். எனக்கு வரிசையில் முன்னால் நின்ற அம்மா ஐஸ்கிரீமை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு இன்னொன்று வாங்கினார்.

மார்கழியில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் திருச்சி வருகிறார்கள். ஸ்ரீரங்கம், சமயபுரம், அப்படியே வேளாங்கண்ணி. ஹோட்டல் போடுவதாகச் சொன்னார், போட்டால் பேசவே மாட்டேன் என்றேன். மாடி அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டோம். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டவர்கள் எல்லாரும் ஒரு நாள் சாப்பிட வாருங்கள், பாயசம் வைக்கிறேன், அக்காவிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். ரிபன் கேக் செய்யத் தெரிந்தவர்கள் திருச்சியில் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், அவர் வீட்டுக்காரருக்கு மார்கழியில்தான் பிறந்தநாள்.