ஏர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்திய விரிவுரையாளருக்கு

புதிய மின் பாதுகாப்பு விதிகளைப் படிப்பிக்கிறோம், வயரிங் பாஸ்மார் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். சரி என்று கல்லடியில் பாதி வேலையை விட்டு, வீட்டுக்காரியிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு போனேன்.

வந்தவரின் லப்டொப் பிளக் இரண்டு முனை. சுவரில் இருந்தது சதுர முனை பிளக் பேஸ். மனுசன் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஏர்த் ஓட்டைக்குள் குத்தினார். போகவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, இன்னொருக்கால் குத்தினார். உள்ளே தகடு விலகியதும் பிளக்கைச் சொருகிவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு!

ஐயா, 13 ஆம்பியர் பிளக்கில் ஏர்த் முனையை நீளமாக வைத்ததே, அது முதலில் போனால்தான் லைவ் ஓட்டை திறக்க வேண்டும் என்றுதான். சின்னப் பிள்ளை ஆணியைக் குத்திச் சாகாமல் இருக்க. வீடு வீடாகப் போய் "பேனா குத்தாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்துகிறவர்கள் மண்டபம் நிறைய இருக்கிறோம். அன்றைய தலைப்பு என்ன? பாதுகாப்பு!

பிறகு ஆங்கில ஸ்லைடுகள். மின் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வந்தது, போனது. வயர் நிறம் வந்தபோது காத்தான்குடி நானா ஒருவர் எழும்பினார். "சேர், மூணு லைவ் வயர் வாற பழைய திரீ பேஸ் லைனில நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல். புதுசில நீலம் நியூட்ரல், கறுப்பு லைவ். பழைய வீட்டுக்குப் புது லைன் இழுத்தா, ரெண்டும் சேர்ற இடத்தில என்ன செய்ற?"

பிழைத்தால் ஆளைக் கொல்லுகிற விசயம் இது. பிரித்தானிய விதி இந்த நிறங்களை மாற்றியது 2004இல். நம் ஊர்ச் சுவர்களுக்குள் பழைய வயர் இன்னும் கிடக்கிறது. மீட்டர் வைத்துப் பார், சேருகிற முனையில் எது லைவ், எது நியூட்ரல் என்று குறி ஒட்டு. சொல்ல அரை நிமிடம் போதும். "அது கையேட்டில் இருக்கிறது" என்றார். கையேடும் ஆங்கிலம்.

நேரமில்லையாம். ஆனால் குறூப் போட்டோவுக்கு உயரப்படி நிற்கவைத்து, பனரை நிமிர்த்தி, கண் மூடியவனைத் திட்டித் திரும்ப எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

அப்புறம் அந்த மீன் ரோல்ஸ். முழுக்கக் கிழங்கு. பக்கத்திலேயே வாவி கிடக்கிறது, ஒரு செத்தல் மீனாவது அகப்படவில்லையா இவர்களுக்கு?