வெளுப்புக் கணக்கில் பிறந்த அச்சு

‘பொற்காலத்து உழைப்பாளிகள்’ என்று ஒரு படத்தொகுப்பு இந்த வாரம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. குயவர், நாவிதர், நெசவாளி என்று எல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிட்டவை. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் ‘பொற்காலம்’தான் உறுத்துகிறது.

கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். குயவர் கையில் பானை இருக்கிறது, விரலில் பொட்டுச் சேறு இல்லை. காலடியில் துண்டு நிலம், ஒரு நிழல். தெரு இல்லை, சூளை இல்லை. அடியில் சாதியோ தொழிலோ எழுதியிருக்கும், ஆளின் பெயர் இருக்காது. புதுச்சேரி, காரைக்கால் மக்களை இப்படிக் கல்லச்சில் ஏற்றி 1827 முதல் 1835 வரை பாரிசில் வெளியிட்டார்கள். வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது ஆள் இல்லை, மாதிரி.

இத்தனைக்கும் இந்த அச்சு பிறந்ததே ஒரு வெளுப்புக் கணக்கில். 1796இல் ஜெர்மனியில், கல்லச்சைக் கண்டுபிடித்த செனெஃபெல்டர் வீட்டில் துணி வெளுக்கிற பெண் காத்திருந்தாராம். எழுதக் காகிதம் இல்லை. செனெஃபெல்டர் மெழுகு மையால் சுண்ணாம்புக் கல்லிலேயே துணிக் கணக்கைக் குறித்தார். பிசுக்குள்ள இடத்தில் மை ஒட்டும், ஈரக் கல்லில் ஒட்டாது என்ற முறைக்கு அங்கிருந்துதான் இரண்டே வருடத்தில் வந்து சேர்ந்தார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நம் பாராமகாலுக்கு அந்த மாதிரிப் படம்கூட அமையவில்லை. 1792இல் இது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். இந்தப் பக்கம் வந்த ஆங்கில ஓவியர்கள் டேனியல்கள் ராயக்கோட்டை மலையை வரைந்தார்கள். அது செம்புத் தகட்டு அச்சு. பாறை பிரமாதம்.

இந்தக் கடுப்போடுதான் போன ஞாயிறு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அம்மி கொத்துகிறவர் முன்னால் போய் நின்றேன். உளி இறங்க இறங்கக் கண்ணை இடுக்கிக்கொள்கிறார். இமை மயிரெல்லாம் வெள்ளைத் தூள். இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது. சரி, இதுதான் படம் என்று போனை எடுத்தேன்.

“இருங்க சார்” என்று எழுந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார், சட்டையை இழுத்துவிட்டார், சுத்தியலை நெஞ்சோடு பிடித்து விறைப்பாக நின்றார். அசல் கல்லச்சுப் படம்.

அதையும் எடுத்தேன், அப்புறம் உட்கார்ந்து கொத்தும்போதும் எடுத்தேன். இரண்டையும் காட்டி, “எதுண்ணா அனுப்பட்டும்?” என்று கேட்டேன்.

“நிக்கிறத அனுப்புங்க. பொண்ணுக்குக் காட்டணும்.”