52-இல் 27 போனால் 35

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஓட்டையாகியிருப்பதைப் பார்த்தேன். ஒரே இடத்தில் எழுதுவதும் ரப்பரால் அழிப்பதுமாக நாலைந்து முறை போராடியதில் தாள் நைந்துபோயிருந்தது. ஓட்டைக்குக் கீழே, 52-இலிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்று எழுதி வைத்திருந்தாள். "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. "விடையை நீங்களே சொல்லிருங்கப்பா, நான் எழுதிர்றேன்" என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு நடைமுறை தெரிந்தவளாகப் பேசியதுதான் என்னைச் சுட்டது. வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பதை அவள் மிகச் சரியாகக் கணித்து வைத்திருந்தாள். எங்களுக்குத் தேவைப்பட்டது முடிந்துபோன நோட்டுதானே தவிர, கழித்தல் தெரிந்த பிள்ளை அல்ல. மாலை ஏழு மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் டைரிப் பக்கம் படமாக வரும், பின்னாலேயே "நாளைக்கு டெஸ்ட் உண்டா மிஸ்?" என்று பெற்றோர்களின் கேள்விகள் வரிசை கட்டும், என் மனைவி அடுப்படியிலிருந்தே "எழுதிட்டியா?" என்பார், நான் கையெழுத்துப் போடுவேன். இதைத்தான் பிள்ளையின் படிப்பைக் கவனிப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அதே கணக்கை எடுத்து, எப்படிப் போட்டாய் என்று மட்டும் கேட்டேன். "2-ல 7 போகாது, ஆனா 7-ல 2 போகும்ல, அதான் 5. அப்புறம் 5-ல 2 போனா 3" என்றாள். அதாவது கவனக்குறைவே கிடையாது. அவளாகவே ஒரு விதியை உண்டாக்கி, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். பெரியதில் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் கேட்டதை இரண்டு இலக்க எண்ணுக்கும் நீட்டித்துவிட்டாள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், ஆண்டுதோறும் காணும் பிழை இது என்பார்கள். 52-இல் உள்ள 5 என்பது ஐந்து பத்துகள் என்பது இன்னும் உள்ளே இறங்காதபோது வருவது. "மிஸ் பக்கத்துல கடன் வாங்கச் சொன்னாங்க, ஆனா கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல, அதை எப்பப்பா குடுக்கும்?" என்றும் கேட்டாள். நான் பட்டம் வாங்கியவன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களையும் அவள் கையில் கொடுத்து, இருபத்தேழு ரூபாய் தா என்றேன். இரண்டு தாள்களை உடனே நீட்டினாள். மீதி ஏழு ரூபாய்க்குக் கையிலிருந்த இரண்டு நாணயங்களையும் மூன்று தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அப்பத்தாவின் சுருக்குப் பையிலிருந்து ஒரு தாளுக்குப் பத்து நாணயங்களாகச் சில்லறை மாற்றி வந்தாள். ஏழு நாணயங்களை எனக்குத் தந்துவிட்டு மிச்சத்தை எண்ணியவள், "இருவத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துத் தானே அடித்துத் திருத்தினாள். கடன் என்ற சொல் அவளைக் குழப்பியிருந்தது. சில்லறை மாற்றுவது என்றதும் புரிந்துவிட்டது. நாலைந்து நாட்கள் இந்த விளையாட்டு ஓடியது. அப்பத்தாவின் கணக்கில் மூன்று ரூபாய் குறைந்தது தனிக் கதை.

முப்பது, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு தவறுக்கும் "எப்படிப் போட்டாய்?" என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. பள்ளியால் செய்ய முடியாத இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, பள்ளி செய்யும் வேலையையே இரவு எட்டு மணிக்கு, களைத்துப்போன பிள்ளையிடம், களைத்துப்போன நாம் இன்னொரு முறை அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே என் குறை. அதற்கும் முடியாதபோது டியூஷனுக்கு அனுப்புகிறோம். தெர்மோகோலில் எரிமலை செய்யும் புராஜெக்ட்டுகளை யார் செய்கிறார்கள் என்பது ஊரறிந்தது.

சட்டமும் கொள்கையும் நம்மைவிட நிதானமாகத்தான் யோசித்திருக்கின்றன. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. 2020-இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேர வீட்டுப்பாடம் போதும் என்கிறது. வாரத்துக்கு என்பதைக் கவனிக்கவும்; எங்கள் வீட்டில் அது ஒரே மாலையில் தீர்ந்துவிடும். பழியைப் பள்ளியின் மேல் மட்டும் போடவும் எனக்கு வாயில்லை. முந்தைய ஆண்டு பெற்றோர் கூட்டத்தில், "ஹோம்வொர்க் ரொம்பக் கம்மியா இருக்கே மிஸ்" என்று எழுந்து நின்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

தமிழில் நடந்தது வேறு விதம். மழை நாள் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது, "மழ வந்துச்சு, நாங்க நனஞ்சிட்டோம், அப்பத்தா திட்டுச்சு" என்று எழுதியிருந்தாள். எனக்கு அது அருமையாக இருந்தது; ஆனால் சிவப்பு மையில் மூன்று வாக்கியங்களும் அடிபட்டுத் திரும்பின. அடுத்த முறை கையேட்டிலிருந்து, மழை இயற்கையின் கொடை என்று தொடங்கும் ஐந்து வரிகளை மனப்பாடம் செய்து எழுதி, "நன்று" வாங்கிவிட்டாள். நனைந்த பிள்ளையையும் திட்டிய அப்பத்தாவையும் காணவில்லை. ஆசிரியர் அடித்தது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். எழுத்துத் தமிழைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் பேசும் தமிழும் எழுதும் தமிழும் இத்தனை விலகி நிற்கும் ஒரு மொழியில், "வந்தது" என்பது காதில் பலமுறை விழுந்திருந்தால்தானே கையில் வரும்? சிவப்பு மை அதைக் காதில் போடாது. இந்த வயதில் பிள்ளைகள் தாமே படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம்.

ஆகவே படுக்கும் முன் பதினைந்து நிமிடம் சத்தமாகக் கதை வாசிக்கத் தொடங்கினேன். அரசுப் பள்ளியில் படிக்கும் என் தங்கை மகன், அங்கே வாசிப்பு இயக்கத்தில் தரும் சிறு புத்தகங்களைக் கொண்டுவருவான். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த அந்தக் கதைகளை இருவரும் பிடுங்கிக்கொண்டு படிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நான் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆங்கிலவழிப் பள்ளி என்பதால் வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று சிலர் அறிவுறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவளிடம் நான் பேசக்கூடியது "ஈட் ஃபாஸ்ட், கோ ஸ்லீப்" அளவில்தான் இருக்கும்.

பாடத்தைவிட எனக்குக் கவலை தந்தது வயிற்றுவலி. வாரம் தவறாமல் காலை ஏழரைக்கு வரும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வலிக்குதா?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் எல்லோர் முன்னாலும் எழுந்து வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. நேரடியாகக் கேட்டபோது அவள் சொல்லவில்லை. வண்டியில் போகும்போது, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தானாகச் சொன்னாள். (வலி என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், பிள்ளை நடிக்கிறது என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அவளுக்கு வலித்தது உண்மைதான்.) ஆசிரியரிடம் பேசினோம். அவர் கடுமையானவர் அல்லர். தனியே அழைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று உடனே சொன்னார். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பிள்ளையை அச்சமும் பதற்றமும் இல்லாமல் வைத்திருப்பதைப் பாடத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

தூக்கத்தையும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் உறங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எங்கள் மகள் பத்தே முக்காலுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்பட்டுக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு டம்ளர் பாலை விழுங்கிவிட்டு வேனுக்கு ஓட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. வெறும் வயிற்றோடு பிள்ளை படிக்க முடியாது என்று அரசு உணர்ந்து பொங்கலும் கிச்சடியும் போடுகிறது. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டில், இரண்டு இட்லி தின்னப் பத்து நிமிடம் ஒதுக்காமல் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது ஒன்பது மணிக்கு விளக்கணைகிறது. எழுதி முடிக்காத வீட்டுப்பாடம் அப்படியே இருக்கட்டும் என்று டைரியில் நானே எழுதிக் கையெழுத்திடுகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

மதிப்பெண் ஏறிவிட்டதா என்றால், பெரிதாக இல்லை. இருபதுக்குப் பதின்மூன்று, பதினான்கு. ஏழாம் வாய்ப்பாடு ஐம்பத்தாறில் இன்றும் இடறுகிறது. அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடும்போது மட்டும், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று தொடாமலே கண்ணால் எண்ணிவிடுகிறாள்.

போன வாரம் ஒரு பெருக்கல் கணக்கைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள், "இருங்கப்பா, எப்படிப் போட்டேன்னு சொல்றேன்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விளக்கம் நீண்டுகொண்டே போனது. விடை தப்புதான். பாதியில் அவளே நிறுத்தி, "ஓ" என்றாள்.