குளோப் அரங்கு ஷேக்ஸ்பியர் நடித்த அதே கட்டடம் அல்ல

"லண்டன் குளோப் அரங்கில் வரப்போகும் நாடகங்கள், ஷேக்ஸ்பியர் நின்று நடித்த அதே பலகையில்தான் மேடையேறுகின்றன, 1599இல் கட்டியது அப்படியே நிற்கிறது" என்றொரு செய்தி மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நாடகமும் அரங்கியலும் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளின் குழுவிலும் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அது தவறு. அந்தக் கட்டடம் 1613 ஜூன் 29இல் எரிந்துபோனது. 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் காட்சிக்காக வெடித்த பீரங்கியின் பொறி, புல்வேய்ந்த கூரையில் பற்றியது. ஒருவருடைய காற்சட்டையில் தீப்பிடிக்க, பியரை ஊற்றி அணைத்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. மறுவருடமே திரும்பக் கட்டினார்கள். 1642இல் நாடகங்களுக்குத் தடை வந்தது. அப்புறம் அதையும் இடித்துவிட்டார்கள்.

இப்போதுள்ளது 1997இல் திறந்த மறுஆக்கம். பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 230 மீற்றர் தள்ளி நிற்கிறது. நடுவே திறந்த வானம், மேடையின் மூன்று பக்கமும் சனம்: எங்கள் வட்டக்களரியில் விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

குளோப் அரங்கின் சொந்த இணையத்தளத்திலேயே இந்த வரலாறு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம். ஏற்கனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.