ஒரு நாள் பிந்திப் பிறந்த பெரியம்மா

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மரண உதவிச் சங்கம். 400 அங்கத்தவருக்கு மேல். ஒரு அலுமாரி நிறையக் கொப்பி, கூடவே ஒரு எக்செல் கோப்பு. இதையெல்லாம் சின்னதாக ஒரு மென்பொருளாக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். முன்பென்றால் ஒரு மாதம் தவணை கேட்டிருப்பேன். இந்த முறை ஏஐயை எழுத விட்டு, கல்லடியில் என் மேசையில் இருந்தபடியே நாலு இரவில் முடித்தேன்.

அதன் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு குறைசொல்லி என்று பெயர் வாங்க வேண்டாம். எக்செல் முழுவதும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவோம். இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் எழுத்துத்தான் முதல். 'கொ', 'கோ' வந்தால் பாமினியில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம் என்று பிரிந்து நிற்கும். இந்த மாற்றத்தைக் கையால் எழுதப் போய் ஒரு கிழமை கண் பிதுங்கியவன் நான். ஏஐ அரை மணித்தியாலத்தில் தந்தது. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சரியாகவே இருந்தன. அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன். பிழை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கடினமான வேலையைச் சரியாகச் செய்தவனை அடுத்த வேலையில் யாரும் துருவிப் பார்ப்பதில்லையே.

சங்கத்தில் 60 வயது தாண்டினால் சந்தா இல்லை. பிறந்த திகதி கொப்பியில் பலருக்கு இல்லை, ஆனால் அடையாள அட்டை இலக்கம் எல்லோருக்கும் உண்டு. அதிலிருந்தே திகதியை எடுக்கச் சொன்னேன். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். முதலில் பிறந்த வருடம். அதற்கு அடுத்த மூன்று இலக்கமும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இவ்வளவும் நான் சொல்லாமலே ஏஐக்குத் தெரிந்திருந்தது. எனக்கே வியப்பு. என் அட்டையைப் போட்டேன், சரி. மனைவியின் அட்டையைப் போட்டேன், அதுவும் சரி.

இரண்டாம் கிழமை ஒரு பெரியம்மா சங்கத்துக்கு வந்து தன் விபரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: “மனே, நான் சித்திரை வருசத்துக்கு முதல் நாள் பிறந்தவள். உங்கட மெசின் என்ன, என்னை வருசத்தண்டு பிறக்க வைக்குது?”

அட்டையில் 604. 500 போக 104. சாதாரண வருடத்தில் 104ஆவது நாள் ஏப்ரல் 14. ஆனால் பெரியம்மா பிறந்தது 13இல். நம் அட்டையில் ஒவ்வொரு வருடத்தையும் 366 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். லீப் வருடமோ இல்லையோ, பெப்ரவரிக்கு 29. ஏஐ உலகம் முழுவதும் எண்ணுகிற மாதிரி எண்ணியது. ஆக, லீப் இல்லாத வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த அத்தனை பேரும் ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தார்கள். நான் 1988, மனைவி 1992. இரண்டுமே லீப். எங்கள் வீட்டை வைத்துச் சோதித்தால் நூறு வருடத்துக்கும் இந்தப் பிழை பிடிபடாது!

பிறகு ஏஐயிடம் நேராகவே கேட்டேன், இலங்கை அட்டையில் பெப்ரவரிக்கு எத்தனை நாள் என்று. 29 என்று உடனே சொன்னது. மன்னிப்பும் கேட்டது. தெரிந்திருக்கிறது, ஆனால் நான் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இதே மென்பொருளில் இன்னொன்று. அங்கத்தவர் பக்கத்தின் இணைய முகவரியில் உள்ள 17ஐ 18 ஆக்கினால் அடுத்தவரின் அட்டை இலக்கம், வாரிசு, சந்தா பாக்கி எல்லாம் திறந்தது. யார் கேட்கிறார் என்று பார்க்கிற வரியையே ஏஐ எழுதவில்லை. அதை முதல் நாளே பிடித்துவிட்டேன், ஏனென்றால் பல வருடத்துக்கு முன் அதே பிழையை நானே விட்டு, வாடிக்கையாளரிடம் கிழி வாங்கியிருக்கிறேன். பட்ட பிழை கண்ணில் பட்டது. படாத பிழையைப் பெரியம்மா வந்து காட்ட வேண்டியிருந்தது.

2025இல் மீட்டர் (METR) என்ற ஆய்வு நிறுவனம் மென்பொருள் எழுதுவதில் அனுபவமுள்ள 16 பேரை வைத்துப் பார்த்தது. ஏஐயோடு வேலை செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் நாலு இரவோடு பிறகு திருத்திய ஆறு நாளையும் கூட்டினால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

என் பயம் பெடியள் பற்றியது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தம்பி பயிற்சிக்கு வருகிறான். கெட்டிக்காரன். ஒரு நாள் அவன் கோட்டில், அதாவது நிரலில், கேள்விப்படாத பெயரில் ஒரு நூலகம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) இருந்தது. இது எங்கே எடுத்தது என்றேன். “அது தந்தது அண்ணன்.” தேடினோம், அப்படியொன்றே இல்லை. ஏஐ இப்படிப் பெயரைக் கற்பனையில் தரும். யாராவது அந்தப் பெயரிலேயே நச்சு நிரலைப் பதிந்து வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு நிறுவுகிறவன் மாட்டினான். இவன் வயதில் நாங்கள் செய்த சில்லறை வேலை முழுவதையும் இப்போது ஏஐ செய்கிறது. அந்தச் சில்லறை வேலையில் பட்ட அடிதான் எங்களுக்குப் படிப்பு. இவனுக்கு யார் அடி கொடுப்பது? ஏஐயைத் தொடாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வராது, நானே விடமாட்டேன்.

அட்டைக் கதையை அவனுக்குச் சொன்னேன். திருத்தத்தைக் காட்டவில்லை, பழைய நிரலைக் கொடுத்து இன்னும் என்னென்ன உடையும் என்று பார்க்கச் சொன்னேன். ஏஐயிடம் கேட்கத் தடையில்லை, ஆனால் அட்டை இலக்கம் ஒன்றையும் அதற்குள் ஒட்டக்கூடாது என்றேன். திங்கட்கிழமை வந்தவன் பையிலிருந்து தன் அம்மாவின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். டிசம்பர் 31.

“அண்ணன், உங்கட கோட்டுக்கு எங்கட அம்மா அடுத்த வருசம்தான் பிறக்கிறா.”